கர்ப்பப்பை உட்சவ்வுக்கு எக்ஸோசோம் சிகிச்சைத் தொகுப்பு: பாதியில் நிறுத்திய ஒருவரின் மதிப்புரை

முதல் கரு எட்டாம் வாரத்தில் கலைந்தது. இரண்டாவது கருவின் இதயத் துடிப்பை ஏழாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் ஸ்கேனில் கண்டு மகிழ்ந்திருந்தோம். பன்னிரண்டாம் வாரத்தில் எடுத்த ஸ்கேனில் அந்தத் துடிப்பு இல்லை. ஆறு வாரங்கள் கழித்து, என் கணவரும் நானும் எங்கள் நகரிலுள்ள ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்திற்குச் சென்றோம். அங்கே எங்களுக்கு 85,000 ரூபாய் விலையில் ஒரு சிகிச்சைத் தொகுப்பு பரிந்துரைக்கப்பட்டது. கர்ப்பப்பை உட்சவ்வின் ஏற்புத்திறனை அறியும் திசுப் பரிசோதனை, சில இரத்தப் பரிசோதனைகள், அவற்றைத் தொடர்ந்து மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளில் மூன்று தவணையாகக் கர்ப்பப்பைக்குள் எக்ஸோசோம் திரவத்தை, அதாவது செல்கள் வெளிவிடும் நுண்குமிழிகள் அடங்கிய திரவத்தை, செலுத்துதல் ஆகியவை அதில் அடங்கும். முதல் இரண்டையும் செய்துகொண்டேன். மூன்றாவதற்கு முன்பணம் கட்டிய பின், செய்துகொள்வதில்லை என்று முடிவெடுத்தேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. இதே வகைத் தொகுப்பு வெவ்வேறு பெயர்களில் பல இடங்களில் விளம்பரப்படுத்தப்படுவதால், சேவையை மட்டுமே மதிப்பிடுகிறேன். நான் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிப்பவள். ஆகவே, அவர்கள் காட்டிய படங்களில் பாதியேனும் எனக்குப் புரிந்தது. புரியாதவர்கள் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற எண்ணமே என்னை இதை எழுத வைக்கிறது.

மையத்தில் நல்லவை இல்லாமலில்லை. சொன்ன நேரத்திற்குள் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர் திரையை என் பக்கம் திருப்பி, எதை அளக்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். திசுப் பரிசோதனையின்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்த செவிலியர், “மூச்சை மெதுவா விடுங்கக்கா, ஒரு நிமிஷம்தான்” என்று சொன்னபடியே ஒரு நிமிடத்திற்குள் முடிந்தது. ஆனால் காத்திருப்பு அறையின் நான்கு சுவர்களிலும் அந்த மையத்தில் பிறந்த குழந்தைகளின் படங்கள் மாட்டப்பட்டிருந்தன. கருத்தரிக்க முடியாமல் வருபவர்களுக்கு அவை நம்பிக்கை தரக்கூடும். கலைந்த கருவை அகற்றும் டி அண்ட் சி முடிந்து ஆறு வாரமே ஆன ஒருத்தி அங்கே ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருப்பது கடினம். கருவை இழந்து வருபவர்களுக்குத் தனியாக ஒரு சிறு அறை ஒதுக்குவது பெரிய செலவாக இருக்காது.

தொகுப்பை விளக்கியவர் மருத்துவர் அல்லர், ஆலோசகர். பளபளப்பான அட்டை ஒன்றைக் காட்டி அவர் சொன்னதன் சாரம் இது: “உங்க ரத்தத்துல செல்கள் விடுற சின்னச் சின்னக் குமிழிகள் இருக்கு மேடம். கரு கலையுறவங்களுக்கு அந்தக் குமிழிகள் கெட்டதா இருக்கும். அது கர்ப்பப்பைக்குப் போய் உள்சவ்வைக் கெடுக்குது. நிலம் கெட்டுப்போனா விதை முளைக்காது இல்லையா? நாங்க நல்ல குமிழிகளை நேரா உள்ள வைக்கிறோம். அது உரம் மாதிரி.” இதில் முதல் மூன்று வாக்கியங்களுக்கு ஓரளவு ஆய்வு அடிப்படை உண்டு. ஆனால் அவற்றிலிருந்து கடைசி இரண்டு வாக்கியங்களுக்குச் செல்லப் பாதை இல்லை. இந்த இடைவெளியை மறைத்துத்தான் 85,000 ரூபாய் கேட்கப்படுகிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் குமிழிகள் கற்பனையல்ல. நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் தம் சவ்வினால் சுற்றப்பட்ட நுண்குமிழிகளை வெளியே விடுகின்றன. 1967-இல் பீட்டர் வுல்ஃப் என்னும் ஆய்வாளர், தட்டணுக்களிலிருந்து உதிர்ந்து இரத்தம் உறைவதைத் தூண்டும் துகள்களைக் கண்டு, அவற்றைத் ‘தட்டணுத் தூசி’ என்று அழைத்தார். 1983-இல், முதிர்ச்சியடைந்துகொண்டிருக்கும் சிவப்பணுக்கள் தமக்குத் தேவையற்ற புரதங்களை மிகச் சிறிய குமிழிகளில் அடைத்து வெளியேற்றுவதை இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அவற்றுள் ஒன்றை வழிநடத்திய ரோஸ் ஜான்ஸ்டோன் 1987-இல் அவற்றுக்கு எக்ஸோசோம் என்னும் பெயரைப் பயன்படுத்தினார். வெறும் கழிவுப் பைகள் என்று எண்ணப்பட்டவை மரபுச் செய்திகளைத் தாங்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளையும் ஒரு செல்லிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்கின்றன என்று 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டிய பிறகே இத்துறை பெருகியது. எக்ஸோசோம்கள் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரையும், செல்லின் வெளிச்சவ்வே மொட்டுவிட்டு உதிரும் நுண்துகள்கள் 1,000 நானோமீட்டர் வரையும் இருக்கும். கர்ப்பப்பை உட்சவ்வும் இத்தகைய குமிழிகளைக் கர்ப்பப்பைக்குள் சுரக்கிறது என்பது 2013-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில் தெரியவந்தது. கரு ஒட்டிக்கொள்வதற்கு முன்பே தாயின் உடலுக்கும் அதற்கும் இடையே ஒரு பேச்சு நடக்கிறது என்னும் கருத்துக்கு அது வலுச் சேர்த்தது. பல ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்திவந்தும், என் உடலுக்குள் இது நிகழ்ந்திருக்கும் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

கருச்சிதைவுடன் இதற்குள்ள தொடர்பும் ஆராயப்பட்டதுதான். காரணம் தெரியாமல் கருவை இழந்த பெண்களில் ஒரு பகுதியினரின் இரத்தத்தில், உறைவைத் தூண்டும் நுண்துகள்கள் மிகுதியாக இருப்பதை 2001-இல் பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இத்துகள்கள் உறைவைத் தூண்டுவதற்குக் காரணம் அவற்றின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. செல் நலமாக இருக்கும்போது பாஸ்பாட்டிடைல்செரின் என்னும் கொழுப்பு மூலக்கூறு சவ்வின் உட்புறம் பார்த்தே இருக்கும். செல் தூண்டப்பட்டு மொட்டுவிடும்போது அது வெளிப்புறம் புரண்டுவிடுகிறது. இரத்த உறைவுக் காரணிகள் வந்து கூடி வேலை செய்வதற்கு ஏற்ற மேடை அதுதான். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் உட்சவ்வு தன்னை முற்றிலும் மாற்றிக்கொள்ள வேண்டும்: அதன் அடிப்படைச் செல்கள் பருத்துச் சுரக்கத் தொடங்க வேண்டும், புதிய நுண்ணிய இரத்தக்குழாய்கள் கிளைவிட வேண்டும், பிறகு நச்சுக்கொடியாக வளரவிருக்கும் செல்கள் தாயின் சுருள் தமனிகளுக்குள் ஊடுருவி அவற்றை அகலப்படுத்த வேண்டும். இரத்தத்தில் சுற்றிவரும் துகள்கள் இந்த நுண்குழாய்களின் உட்சுவர்ச் செல்களைத் தொட்டு, அழற்சியைத் தூண்டி, புதிய குழாய்கள் கிளைப்பதைத் தடுக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்கள் சோதித்துவரும் கருதுகோள். இதைச் சோதிக்க, உட்சவ்வின் இரத்தக்குழாய்ச் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து, அவை ஒன்றோடொன்று இணைந்து வலைபோன்ற குழாய்களை அமைக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கண்ணுக்கு அழகான சோதனைதான். ஆனால் அந்தத் தட்டில் ஹார்மோன் சுழற்சியோ இரத்த ஓட்டமோ கருவோ இல்லை.

அட்டையில் சொல்லாமல் விடப்பட்ட செய்திகளும் உண்டு. எந்தச் செல்லிலிருந்து வந்த துகள்கள் மிகுந்திருந்தன என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருக்கிறது. இரத்தம் பெரும்பாலும் கரு கலைந்த பிறகே எடுக்கப்படுவதால், துகள்கள் மிகுந்தது இழப்புக்குக் காரணமா, அதன் விளைவா என்று பிரித்தறிய முடிவதில்லை. அளப்பதே எளிதல்ல. இரத்தம் எடுத்த குழாயைக் கையாளும் விதம், சுழற்றிப் பிரிப்பதற்கு முன் கடந்த நேரம், உறையவைத்து மீண்டும் உருக்கியது ஆகிய ஒவ்வொன்றும் துகள்களின் எண்ணிக்கையை மாற்றிவிடும். எக்ஸோசோம் அளவிலேயே இருக்கும் கொழுப்புப் புரதங்கள் இரத்தத்தில் அவற்றைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருப்பதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடும் பிழை எப்போதும் காத்திருக்கிறது. இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் 2014, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் குறைந்தபட்ச நெறிமுறைகளைத் திரும்பத் திரும்ப வெளியிட வேண்டியிருந்ததே, அளவிடும் முறை இன்னும் நிலைபெறவில்லை என்பதைக் காட்டுகிறது. எனக்கு எடுத்த இரத்தப் பரிசோதனைகளில் இந்தத் துகள்களை அளக்கும் சோதனை எதுவுமே இல்லை. என் இரத்தத்தில் அவை கெட்டவையாக இருக்கின்றன என்று எந்த அடிப்படையில் சொன்னார்கள் என்று கேட்டேன். “பொதுவா அப்படித்தான் இருக்கும் மேடம்” என்பதே பதிலாகக் கிடைத்தது.

என் இரத்தத் துகள்கள் கெட்டவை என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வேறொரு மூலத்திலிருந்து எடுத்த குமிழிகளைக் கர்ப்பப்பைக்குள் ஊற்றினால், இரத்தம் தொடர்ந்து கொண்டுவரும் துகள்களின் செயல் எப்படி நிற்கும்? இக்கேள்வியை மருத்துவரிடமே கேட்டேன். ஆய்வுகள் நடந்துவருவதாகவும், தம் அனுபவத்தில் நல்ல பலன் கிடைப்பதாகவும் சொன்னார். அவர் பொறுமையாகவே பேசினார் என்பதை நான் பதிவு செய்ய வேண்டும். ஆனால் திரவம் எந்தச் செல்களிலிருந்து எடுக்கப்பட்டது, கொடையாளரிடம் என்னென்ன தொற்றுகளுக்குச் சோதனை செய்யப்பட்டது, ஒரு மில்லிலிட்டரில் எத்தனை துகள்கள், கர்ப்பப்பைக்குள் செலுத்துவதற்கான ஒப்புதலை யார் அளித்தார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கும், தொப்புள்கொடியின் குருத்துச் செல்களிலிருந்து (ஸ்டெம் செல்) எடுக்கப்பட்டது என்ற ஒரு பதிலைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. குப்பியைப் பார்க்கக் கேட்டேன். செலுத்தும் நாளன்றுதான் வரும் என்றார்கள்.

இக்கேள்விகள் தேவையற்ற ஐயத்தால் எழுந்தவையல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் என்ற பெயரில் விற்கப்பட்ட பொருள்களைப் பெற்ற நோயாளிகளுக்குக் கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டதை அடுத்து, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. தான் ஒப்புதல் அளித்த எக்ஸோசோம் தயாரிப்பு எதுவும் இல்லை என்று அதில் வெளிப்படையாகவே கூறியது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட குருத்துச் செல் வழிகாட்டுதல்கள், ஏற்கப்பட்ட இரத்தக் குருத்துச் செல் மாற்றுச் சிகிச்சைகள் நீங்கலாக, குருத்துச் செல்களை ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாக வழங்கக் கூடாது என்கின்றன. “இது செல் இல்லை மேடம், செல்லோட சத்து மட்டும்தான்” என்று ஆலோசகர் சொன்னபோது, எனக்கு ஆறுதலுக்கு மாறாகக் கவலையே மிகுந்தது. செல் இல்லை என்பதால் விதியிலிருந்து விலகி நிற்கலாம் என்ற வாதம், ஆய்வு நடத்தாமலே விற்பதற்கு வழிவிடுகிறது. புதிய சிகிச்சையை ஆய்வாக நடத்துவது தவறல்ல. அப்படியானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், எனக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவமும் இருக்க வேண்டும். ஆய்வில் பங்கேற்பதற்காக என்னிடம் பணம் கேட்கக் கூடாது.

தொகுப்பின் முதல் பகுதியான ஏற்புத்திறன் பரிசோதனையைச் செய்துகொண்டது என் அவசரத்தால் நேர்ந்தது. உட்சவ்விலிருந்து சிறு துண்டெடுத்து, மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்த்து, கருவை எந்த நாளில் வைக்கலாம் என்று சொல்லும் சோதனை அது. சோதனைக்குழாய்க் கருவை உள்ளே வைக்கும் நாளைத் தீர்மானிக்கவென்றே உருவானது. இயற்கையாகவே இருமுறை கருத்தரித்த எனக்கு அதனால் என்ன பயன் என்று வீட்டுக்கு வந்த பிறகே யோசித்தேன். அதன் உரிய பயன்பாட்டிலும் நிலைமை நம்பிக்கை தருவதாக இல்லை. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 767 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். சோதனையின்படி நாளை மாற்றியவர்களில் 58.5 விழுக்காட்டினருக்கும், வழக்கமான நாளிலேயே கருவை வைத்தவர்களில் 61.9 விழுக்காட்டினருக்கும் உயிருடன் குழந்தை பிறந்தது. உட்சவ்வைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்ற நம்பிக்கையும் சில ஆண்டுகள் பரவலாக இருந்தது. 1,364 பெண்களிடம் செய்த ஆய்வு 2019-இல் வெளியானபோது, சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பெற்றோர் சரியாக 26.1 விழுக்காடாகவே இருந்தார்கள். எக்ஸோசோமுக்கும் இதே கதி ஏற்படும் என்று நான் சொல்லவில்லை. இத்தகைய கேள்வியை அதனிடம் கேட்டுப் பார்த்த பிறகு விற்கலாம் என்கிறேன்.

நிலம், உரம் என்ற உவமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கரு தங்காத வயிறு என்ற சொல்லை என் மாமியாரின் உறவினர்கள் வாயிலிருந்து கேட்டுவிட்டுத்தான் நான் அந்த மையத்திற்குள் நுழைந்தேன். அதே சொல்லைப் பளபளப்பான அட்டையில் வேறு வடிவில் படித்தபோது மனம் மிகவும் வலித்தது. அறிவியலும் அந்த உவமைக்குத் துணை நிற்கவில்லை. 2012-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், நலமாகக் குழந்தை பெற்ற பெண்களின் உட்சவ்வுச் செல்கள் தரமான கருவை நோக்கி நகர்ந்ததையும், தரம் குறைந்த கருவை நோக்கி நகராமல் நின்றதையும் பார்த்தார்கள். தொடர்ந்து கருவை இழந்த பெண்களின் செல்களோ இரண்டையும் வேறுபடுத்தாமல் வரவேற்றன. இது சரியென்றால், சிலருக்கேனும் இழப்புக்குக் காரணம் உட்சவ்வு ஏற்க மறுப்பது அன்று, அளவுக்கு மீறி ஏற்பது. அப்படிப்பட்ட ஒருவருக்கு ஏற்புத்திறனைக் கூட்டும் உரம் எதற்கு? மேலும், கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதியில் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழை காணப்படுகிறது. அங்கே நிலத்தைக் குறை சொல்வதில் பொருளே இல்லை.

இத்தொகுப்பின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது, அதில் இல்லாதவற்றைத்தான். கலைந்த கருவின் திசு குரோமோசோம் சோதனைக்கு அனுப்பப்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. டி அண்ட் சி செய்த மருத்துவமனையில் அது அனுப்பப்படவில்லை என்பதும், அனுப்பலாம் என்ற செய்தியே எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதும் பின்னரே தெரிந்தது. தைராய்டு பார்த்தார்கள். கர்ப்பப்பையில் பிறவியிலேயே தடுப்புச்சுவர் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்கள். இவை சரி. ஆனால் உடல் தனக்கெதிராகவே உருவாக்கி, இரத்த உறைவைத் தூண்டி, கருச்சிதைவுக்கும் காரணமாகக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களுக்கான மூன்று சோதனைகள், அதாவது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா 2 கிளைகோபுரோட்டீன், அந்த நீண்ட பட்டியலில் எங்கும் இல்லை. ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலில் இரண்டு இழப்புகளுக்குப் பிறகு செய்யப் பரிந்துரைக்கப்படும் சோதனைகளில் முன்வரிசையில் நிற்பவை இவற்றில் முதல் இரண்டும்; மூன்றாவதையும் செய்து பார்க்கலாம் என்கிறது அது. பெயர்கள் பயமுறுத்தினாலும் சாதாரண இரத்தப் பரிசோதனைகள்தாம். எனக்கு மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு, தொகுப்பின் விலையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

அச்சோதனைகளை எழுதிக் கொடுத்தவர், ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் புறநோயாளர் பிரிவில் நாங்கள் சந்தித்த பேராசிரியை. மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். அவருடன் பேசக் கிடைத்தது பதினைந்து நிமிடம். “ரெண்டாவது குழந்தைக்கு எத்தனை வாரம் வரைக்கும் துடிப்பு இருந்ததும்மா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. குழந்தை என்ற சொல்லை ஒரு மருத்துவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் முறை. பத்து வாரத்தைக் கடந்து வளர்ந்த கருவின் துடிப்பு நிற்பது, ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறியை நினைவூட்டும் அடையாளங்களில் ஒன்று என்று விளக்கினார். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனையின் முடிவு எனக்கு நேர்மறையாக வந்தது. அந்தப் பெயர் இருமடங்கு தவறானது. லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோய் இல்லாதவர்களுக்கும் அது வரும். ஆய்வகக் குழாயில் உறைவைத் தாமதப்படுத்தினாலும் உடலுக்குள் உறைவைத் தூண்டும். ஒருமுறை வந்ததைக் கொண்டு எதையும் முடிவு செய்யக் கூடாது, தொற்றுக்காய்ச்சலால்கூடத் தற்காலிகமாக வரலாம், பன்னிரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பன்னிரண்டு வாரங்களும் நீளமானவைதான். எனினும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிந்திருந்ததால் தாங்க முடிந்தது. இரண்டாவது முறையும் நேர்மறையாகவே வந்தது.

நுண்குமிழிகளின் கதை இங்கே வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் உள்ளவர்களின் இரத்தத்தில், இரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களிலிருந்து உதிர்ந்த நுண்துகள்கள் மிகுந்திருப்பதை 1999-இலேயே பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆக, ஆலோசகர் பொதுவாகச் சொன்னது என் விஷயத்தில் உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் அப்படியானால் துகள்களைத் தூண்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறது. கர்ப்பப்பைக்குள் ஊற்றும் திரவத்திற்கு அங்கே என்ன வேலை? இந்நோய்க்குறிக்குச் சோதித்துப் பார்க்கப்பட்ட மருத்துவம் ஏற்கெனவே உண்டு. 1997-இல் வெளியான லண்டன் ஆய்வில், இவ்வெதிர்ப்பொருள்கள் உள்ள 90 பெண்களில், குறைந்த அளவு ஆஸ்பிரினை மட்டும் எடுத்தவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், அதனுடன் இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் போட்டுக்கொண்டவர்களில் 71 விழுக்காட்டினருக்கும் உயிருடன் குழந்தை பிறந்தது. ஹெப்பாரின் வெறும் உறைவைத் தடுப்பதால் மட்டும் பயன் தருவதில்லை, நோயெதிர்ப்பின் காம்ப்ளிமென்ட் என்னும் புரத வரிசை கருவைத் தாக்குவதையும் அடக்குகிறது என்று 2004-இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. ரோமிலுள்ள ஆய்வகமொன்று, இவ்வெதிர்ப்பொருள்கள் உட்சவ்வில் புதிய இரத்தக்குழாய்கள் கிளைப்பதைத் தடுப்பதையும், ஹெப்பாரின் அத்தடையைத் தளர்த்துவதையும் 2012-இல் வெளியிட்டது. உட்சவ்வைக் காப்பாற்ற வேண்டுமென்றால், வழி இரத்தத்தின் பக்கமிருந்தும் திறக்கலாம்.

இதைப் படித்துவிட்டு ஹெப்பாரின் எல்லோருக்கும் நல்லது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதுவும் தேவையில்லாதவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கப்படும் மருந்துதான். காரணம் தெரியாமல் கருவை இழந்த 364 பெண்களிடம் நெதர்லாந்தில் செய்த ஆய்வின் முடிவு 2010-இல் வந்தது. ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்த்துப் பெற்றவர்களில் 54.5, ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 50.8, எந்த மருந்தும் இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 57 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது. பரம்பரையாக வரும் உறைவுக் கோளாறு உள்ள 326 பெண்களிடம் செய்யப்பட்டு 2023-இல் வெளியான ஆய்விலும், குழந்தை பெற்றோர் ஹெப்பாரின் போட்டவர்களில் 72 விழுக்காடு, போடாதவர்களில் 71 விழுக்காடு என்றே முடிந்தது. கருவுறும் ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கில் நாள்தோறும் வயிற்றில் ஊசி குத்திக்கொள்வது சிறிய காரியமல்ல. உரிய எதிர்ப்பொருள் இருமுறை உறுதியான பின்பே அதைத் தொடங்க வேண்டும் என்பதில் அந்தப் பேராசிரியை காட்டிய கண்டிப்பை, நான் பெற்ற மருத்துவச் சேவையின் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். போலி மாத்திரை எடுத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் குழந்தை பெற்றார்கள் என்பதையும் அவர்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார். எந்தச் சிகிச்சையும் இல்லாமலே அடுத்த கரு நிலைக்கும் வாய்ப்பு பெரும்பாலோருக்கு நல்ல அளவில் இருக்கிறது. இச்செய்தி அந்த அட்டையில் இருந்திருந்தால் தொகுப்பு அவ்வளவாக விற்காது. ஆனால் அந்த அறையில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருத்திக்கும் முதலில் தெரிய வேண்டியது அதுதான். எக்ஸோசோம் செலுத்திய பிறகு குழந்தை பெற்றவர்களின் படத்தைச் சுவரில் மாட்டுவதால் மட்டும் எக்ஸோசோம் பயன் தந்தது என்று ஆகாமல் போவதும் இதனால்தான்.

நட்சத்திரம் இட்டுக் கணக்குச் சொல்வதானால், ஸ்கேன் சேவைக்கும் செவிலியரின் பரிவுக்கும் ஐந்தில் நான்கு தருவேன். மருத்துவர் பொறுமையாகக் கேட்டதற்கு மூன்று. தொகுப்புக்கு ஒன்று தருவதற்கும் மனம் வரவில்லை. விலை மிகுதி என்பதற்காக அன்று. இரத்தத்தில் ஓடும் துகள்களைப் பற்றிய உண்மையான, இன்னும் முடிவுக்கு வராத ஓர் ஆய்வை எடுத்து, முடிந்துபோன விடையைப் போலக் காட்டி, எதையும் நம்பத் தயாராக இருக்கும் வாரங்களில் ஒருத்தியிடம் அதை விற்கிறார்கள் என்பதற்காக.

இப்போது என் கோப்பில் பன்னிரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு சோதனை முடிவுகளும், ஆஸ்பிரினை எப்போது தொடங்க வேண்டும், கரு உறுதியானதும் ஊசியை எந்த அளவில் போட வேண்டும் என்று எழுதப்பட்ட ஒரு தாளும் இருக்கின்றன. முன்பணத்தைத் திரும்பக் கேட்டு மையத்திற்கு இருமுறை கடிதம் எழுதினேன். ஆலோசனைக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட்டார்கள். கரு கலைந்து வருபவர்களுக்குத் தனி அறை ஒதுக்கவும், ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனைகளைத் தொகுப்பில் சேர்க்கவும் அக்கடிதத்தில் கேட்டிருந்தேன். சோதனைகளைப் பற்றிப் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. திரும்பத் தந்த பணத்திற்கான ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் எதற்காகப் பணம் கட்டினேன் என்பதைக் குறிக்கும் இடத்தில் ‘புத்துயிர்ப்புச் சிகிச்சை, மூன்று தவணை’ என்றிருக்கிறது. எக்ஸோசோம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.